கலங்கள் அனுப்பும் புடகங்களும் நரம்பிழையத்து அழற்சியும்

அனலைதீவிற்குப் பாலம் இல்லை. ஆளும் அரிசியும் மருந்தும் படகிலேயே கடல் கடக்கின்றன. நள்ளிரவில் பாரிசவாதத்தால் வீழ்ந்தவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் முதலிற் கடலைக் கடத்தல் வேண்டும். குருதியோட்டம் தடைப்பட்ட இடத்தில் மூளைக் கலங்கள் விரைவில் மடிகின்றன. ஆயின் கேடு அத்துடன் நிற்பதில்லை. பின்வரும் நாட்களில் அழற்சி அயலிழையத்திற்கும் பரவுகின்றது. ஓரிடத்துக் காயத்தின் செய்தி மற்றோரிடத்தை எவ்வாறு எட்டுகின்றது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

கலங்கள் தம் மென்சவ்வாற் சூழப்பட்ட நுண்ணிய புடகங்களை வெளிவிடுகின்றன. இவற்றுட் சிறியனவாகிய எக்சோசோம்கள் ஏறத்தாழ 30 முதல் 150 நனோமீற்றர் விட்டமுடையன. கலமேற்பரப்பிலிருந்து நேரே அரும்பிப் பிரிவன 1000 நனோமீற்றர் வரை பருமனுடையன. 1983 இல் மொன்றியலில் றோஸ் ஜோன்ஸ்ரன் குழுவினரும், செயின்ற் லூயிசில் பிலிப் ஸ்ரால் குழுவினரும், முதிராச் செங்குருதிக் கலங்கள் வேண்டாத புரதத்தை இவ்வழி அகற்றுவதைக் கண்டனர். எனவே இவை கழிவுப் பைகளென்றே நெடுநாள் கருதப்பட்டன. 2007 இல் சுவீடன் ஆய்வாளர், இவை ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளையும் சுமந்து செல்கின்றன எனவும், பெறுங்கலம் அவற்றைக் கொண்டு புரதம் ஆக்கவல்லது எனவும் காட்டியபோது அக்கருத்து மாறிற்று.

நரம்புத் தொகுதியின் காவற்கலங்கள் மைக்குரோகிளியாக்கள் ஆகும். காயமுற்ற கலங்களிலிருந்து ஏ.ரி.பி. கசியும்போது இவை தூண்டப்பட்டுப் புடகங்களை அரும்புகின்றன. அப்புடகங்களில் இன்ரலூக்கின்-1 பீற்றா எனும் அழற்சித் தூதுப் பொருள் இருப்பதை 2005 இல் இத்தாலிய ஆய்வாளர் நிறுவினர். சவ்வுறை பொருளைச் சிதையாது காப்பதால், அது உருவான இடத்திற்கு அப்பாலும் வினைபுரிகின்றது.

இப்பயணம் மூளையோடு முடிவதுமன்று. சுண்டெலி மூளையில் அழற்சியைத் தோற்றுவித்து 2017 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, விண்மீன்வடிவக் கலங்களின் புடகங்கள் குருதியிற் சேர்ந்து ஈரலைத் தூண்ட, வெண்குருதிக் கலங்கள் மூளையை நாடிச் செல்வதைக் காட்டிற்று. மூளைக்கும் குருதிக்கும் இடையிலுள்ள தடுப்பு, கடலைப் போலவே, பிரிப்பதாயினும் முற்றாக மூடுவதன்று.

மருத்துவத்திற்கு இதனாற் பயன் யாது? நரம்புகளின் மயலின் உறை சிதையும் மல்ரிப்பிள் ஸ்கிளரோசிஸ் நோயாளரின் மூளையமுண்ணாண் பாய்பொருளில் இத்தகைய புடகங்கள் மிகுந்திருத்தல் 2012 இல் அறியப்பட்டது. புடகம் அரும்புதற்குரிய நொதியம் அற்ற சுண்டெலிகள், அந்நோயையொத்த நிலையிலிருந்து பெரிதும் காக்கப்பட்டன. ஆயினும் எல்லாப் புடகமும் தீங்கானவையல்ல. சில, காயத்தை ஆற்றும் பொருள்களையும் கொண்டுசெல்கின்றன. எனவே எல்லாவற்றையும் தடுத்தல் தகாது. படகை நிறுத்தினால் நோயோடு மருந்தும் நின்றுவிடுமன்றோ? எப்புடகம் எச்சுமையை எக்கலத்திற்குக் கொண்டுசெல்கின்றது எனப் பிரித்தறிதலே இனி ஆற்றவேண்டிய பணியாகும்.