சிறுகச் சிறுகத் தங்கம் – 9: திரும்பி வரும் எடை

இந்த வாரம் நகைச்சீட்டு என்று சொல்லியிருந்தேன். செய்கூலி, சேதாரக் கணக்கைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு மறுபடி விளக்கத் தேவையில்லை. ஆனால் சீட்டுக்குப் போகும் முன் சரிகையைப் பற்றிப் பேசியாக வேண்டும். குறைந்த பணத்தில் தங்கமும் வெள்ளியும் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பொருள் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆரணிப் பட்டு ஆரணியில் மட்டும் நெய்யப்படுவதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரணமல்லூர் போன்ற ஊர்களுக்கும் அதில் பங்குண்டு. கூலிக்கு நெய்யும் வீட்டுக்குப் பட்டும் சரிகையும் எடை போட்டு வரும். நெய்து முடித்த புடவை எடை போட்டே திரும்பும். சரிகை விற்பது மார்க் கணக்கில். ஒரு மார்க் என்பது சுமார் 240 கிராம். காஞ்சிபுரத்தில் 1971-இல் தொடங்கப்பட்ட தமிழக அரசின் சரிகை ஆலை வைத்திருக்கும் அளவுப்படி, அசல் சரிகையில் வெள்ளி 40%, தாமிரம் 35.5%, பட்டு 24%, தங்கம் 0.5%. முன்பு வெள்ளி 57%, தங்கம் 0.6% இருந்தது, வெள்ளி விலை ஏற ஏற அளவைக் குறைத்தார்கள். இன்றைய அளவிலேயே கணக்குப் போட்டால் ஒரு மார்க்கில் 96 கிராம் வெள்ளியும் 1.2 கிராம் தங்கமும் இருக்கின்றன. ஏழு மார்க் சரிகை ஒரு தறியில் ஓடி முடியும்போது ஒரு பவுனுக்கும் அதிகமான சுத்தத் தங்கம் அந்த நெசவாளியின் விரல்களைத் தாண்டிப் போயிருக்கும். மூக்குத்திக்காக ஒரு கிராம் வாங்க மாதக்கணக்கில் காசு சேர்க்கும் வீட்டில் இது நடக்கிறது. இந்த ஒரு கணக்குக்காகவே இந்த வாரத்தைச் சரிகைக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆனால் அந்தத் தங்கத்தை யாராலும் எளிதில் திரும்பப் பெற முடியாது. வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலின் மேல் சுற்றி, அதன் மேல் தங்க முலாம் ஏற்றுகிறார்கள். பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் முதலில் பட்டை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். பிறகு உலோகத்தை உருக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியும் தாமிரமும் கரைய, கரையாமல் அடியில் தங்கும் துளிதான் தங்கம். இத்தனை வேலைக்கும் அவர் கூலி எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதுதான் புடவைக்காரருக்கு விலையாக வரும். போலிச் சரிகையாக இருந்தால் அதுவும் இல்லை. ஒரு பொருளுக்குள் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. விற்கும் நாளில் எவ்வளவு எடைக்குக் காசு வரும் என்பது வேறு கேள்வி. வசதி உள்ளவர் முதல் கேள்வியோடு நின்றுவிடலாம். நெருக்கடியில் விற்கப் போகிறவருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

புடவையை யாரும் உலோகத்துக்காக வாங்குவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் சேமிப்பு என்று சொல்லித்தான் ஒரு கிராம் கம்மலும் அரை கிராம் மூக்குத்தியும் வாங்குகிறோம். அங்கேயும் நடப்பது இதேதான். கணக்குச் சுலபமாக இருக்க ஒரு கிராம் 10,000 ரூபாய் என்றும், சேதாரமும் கூலியும் சேர்த்து 18% என்றும் வைத்துக்கொள்வோம். 11,800 ஆகிறது, 3% ஜிஎஸ்டியோடு 12,154. திருப்பி விற்கும்போது கடைக்காரர் 3% கழித்தால் கைக்கு வருவது 9,700. ஆக, தங்கம் சுமார் 25% ஏறினால்தான் போட்ட முதல் திரும்பும். அதே தங்க விலையில், 5% கூலிக்கு ஒரு கிராம் தங்கக் காசு வாங்கி 2% கழிவில் விற்றால் சுமார் 10% ஏற்றம் போதும். எட்டு கிராம் காசுக்குக் கூலி 2% என்றால் சுமார் 7% ஏற்றமே போதும். எடை குறையக் குறைய, உலோகம் அல்லாதவற்றுக்கு நாம் கொடுக்கும் பங்கு கூடுகிறது. வெள்ளியில் இது இன்னும் கடுமை. கொலுசின் டச், அதாவது வெள்ளியின் தூய்மை, எவ்வளவு என்று கேட்காமல் வாங்கினால், உருக்கிப் பார்க்கும் நாளில்தான் பற்றுவைப்பும் கலப்பும் எவ்வளவு எடையைத் தின்றன என்பது தெரியும்.

எடை குறைந்தால் சட்டப் பாதுகாப்பும் குறைகிறது. தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் கட்டாயமாகத் தொடங்கியது. 2023 ஏப்ரல் முதல் ஆறு இலக்க எச்யுஐடி எண் இல்லாமல் விற்கக் கூடாது. ஆனால் அந்த ஆணையிலேயே விலக்குகள் உண்டு. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. தங்க இழைக்கும் இல்லை. தங்கக் காசுக்கும் இல்லை. இரண்டு கிராமுக்குள் வாங்குகிறவர் பெரும்பாலும் ஏழைதான். முத்திரை மிகவும் தேவைப்படுகிறவரைச் சட்டம் வெளியே நிறுத்தியிருப்பது சரியல்ல என்றே நினைக்கிறேன். விலக்கு மாறும்வரை, சிறு எடை நகைக்கும் காரட்டும் எடையும் கூலியும் தனித்தனியாக எழுதிய ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும். காசு வாங்கினால் 999 என்ற தூய்மை அச்சிட்ட உறையைக் கிழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு: நகையைப் போட்டுக்கொள்ளலாம், அவசரத்துக்கு அடகும் வைக்கலாம், காசு அப்படியா? நம் குடும்பங்கள் காசை விட்டு நகையைப் பிடித்துக்கொண்டதில் சட்டத்துக்கும் பங்குண்டு. 1963-இல் மொரார்ஜி தேசாய் கொண்டுவந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புதிய நகையை 14 காரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்றன. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டியாகத் தங்கம் வைத்திருப்பதைத் தடுத்தது. 1990-இல்தான் அது நீக்கப்பட்டது. ஒரு தலைமுறை முழுவதும் நகையாக மட்டுமே தங்கத்தை வைத்திருக்கப் பழகியது. சட்டம் போய்விட்டது, பழக்கம் நிற்கிறது. அடகு விஷயத்தில் வாதம் பாதி சரி: நகைக்குக் கடன் கிடைக்கும் அளவுக்கு எளிதாகக் கடையில் வாங்கிய காசுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே உடுத்தவும் அடகுக்கும் ஒரு நகை போதும். அதை இரண்டு கிராமுக்கு மேல், எளிய வேலைப்பாட்டில், ஹால்மார்க்கோடு வாங்கலாம். அதற்கு மேல் சேர்ப்பதையும் பொடி நகையாகவே சேர்க்க எந்தக் காரணமும் இல்லை.

இன்னொன்று: கையில் இருக்கும் பணம் நிற்காது, அதனால் கிடைத்ததும் வாங்கிவிட வேண்டும் என்பது. புடவையை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி என்ற வீட்டில் இதன் நியாயம் பெரிது; காத்திருக்கும்போது விலை ஏறிவிடும் என்ற பயமும் பொய்யல்ல. 2025-இல் காத்திருந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். ஆனால் விலை ஏறலாம், ஏறாமலும் போகலாம். பொடி நகைக்குக் கொடுக்கும் சேதாரமோ வாங்கிய நிமிடமே போய்விடுகிறது. வங்கியில் ஆறு மாதத் தொடர் வைப்பில் போட்டு வைத்து ஒரே காசாக வாங்குவது, சராசரி ஆண்டுகளில், ஆறு முறை பொடியாக வாங்குவதைவிட அதிக எடையைக் கையில் தரும். டீமேட் கணக்கு உள்ளவர் தங்க ஈடிஎஃப் பார்க்கலாம். அதில் சேதாரம் இல்லை. அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பிறகு வெளியாகவில்லை. கைப்பேசியில் பத்து ரூபாய்க்கு விற்கும் டிஜிட்டல் தங்கம் தன் கண்காணிப்பில் இல்லை என்று 2025 நவம்பரில் செபி எச்சரித்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

நகைச்சீட்டு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்பது அடுத்த வாரம். அந்தச் சீட்டுகள் பெரும்பாலும் பதினொரு மாதத்தோடு ஏன் முடிகின்றன என்பதற்கு 2014-ஆம் ஆண்டின் நிறுவன வைப்பு விதிகளில் வரும் 365 நாள் கெடுவில் பதில் இருக்கிறது. பெயரில் தங்கத்தை வைத்துக்கொண்டு ஆரணி வரை கிளை விரித்த ஆருத்ரா நிறுவனத்தின் முதலீட்டு மோசடி வழக்கையும் அங்கேயே பார்ப்போம்.