பகற்பொழுதுத் தொலைக்காட்சியும் அறிவுரை கேட்கும் நேயரும்

புனே நகரிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது சாகண். 1660-இல் ஷயிஸ்தகானின் பெரும்படையை ஃபிரங்கோஜி நர்சாலா என்னும் கோட்டைத் தலைவர் சிறு படையுடன் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தடுத்து நின்றது இவ்வூர்க் கோட்டையில்தான். பின்னர் வெங்காயச் சந்தையினால் பெயர் பெற்றது. இன்று மோட்டார் வாகன ஆலைகளே இவ்வூரின் முகமாகிவிட்டன. ஆலைகள் பெருகிய இடத்தில் முறைவேலையும் பெருகும். இரவு முறை முடிந்து காலையில் வீடு திரும்புகிறவர், உறங்கி எழுந்து உண்ணும் வேளை நண்பகலாகிறது. ஆகவே பிற ஊர்களில் பெண்டிரும் முதியோருமே காணும் பகல்நேரத் தொலைக்காட்சியை, சாகணில் உழைக்கும் ஆடவரும் அமர்ந்து காண்கின்றனர். அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அவ்வேளையில் அவர்கள் காண்பது பெரும்பாலும் அறிவுரை நிகழ்ச்சியே. நிகழ்ச்சியை நடத்துபவர் ஒருவர்; மருத்துவரோ வழக்கறிஞரோ மனநல அறிஞரோ ஒருவர்; தொலைபேசியில் தம் துன்பத்தைச் சொல்லும் நேயர் ஒருவர். மும்பைத் தொலைக்காட்சி நிலையம் 1972-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதன் வழிவந்த சஹ்யாத்ரி அலைவரிசை, பெண்களுக்கென 'ஹலோ சகி' என்னும் நேரலை நிகழ்ச்சியை மராத்தியில் வழங்கிப் பெயர் பெற்றது. தமிழ் அலைவரிசைகளிலும் இவ்வகை நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. இவற்றைக் காண்பதில் பயனுண்டா, உண்டெனில் எவ்வாறு கண்டால் உண்டு என்பதை இங்கே சற்று ஆராய்வோம்.

இவ்வகை நிகழ்ச்சி அமெரிக்காவில் பிறந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். 1967-இல் ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் ஃபில் டோனஹியூ என்பவர், அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளரிடமே ஒலிவாங்கியை எடுத்துச் சென்று அவர்களைப் பேசச் செய்தார். 1986 முதல் 2011 வரை சிக்காகோவிலிருந்து நடைபெற்ற ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சி அம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. இவையெல்லாம் உண்மையே. ஆயினும் நேயர் வினவ, நிலையம் விடையளிக்கும் முறைக்குச் சிறந்ததொரு சோதனை, டோனஹியூவுக்குப் பதினோரு ஆண்டுகள் முன்னரே இந்தப் புனே மண்ணில் நிகழ்ந்தது. அது வானொலியில் நிகழ்ந்தது என்பதனாலேயே போலும், நாம் அதனை மறந்துவிட்டோம்.

1956-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பத்து வாரங்கள், புனா வானொலி நிலையம் யுனெஸ்கோவின் துணையுடன் வேளாண் வானொலி மன்றம் என்னும் திட்டத்தை நடத்திற்று. கானடா நாட்டில் 1941 முதல் நடந்துவந்த வானொலி மன்றமே அதற்கு முன்மாதிரி. அன்றைய பம்பாய் மாநிலத்தின் புனா, அகமத்நகர், நாசிக், வடக்கு சதாரா, கோலாப்பூர் ஆகிய ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பெற்றன. ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் இருபது பேர் கொண்ட மன்றம் ஒன்று அமைந்தது. வாரம் இருமுறை, ஒவ்வொன்றும் அரைமணி நேரம், ஆக இருபது நிகழ்ச்சிகள். நிகழ்ச்சி முடிந்ததும் எவரும் எழுந்து செல்வதில்லை. கேட்ட விஷயம் நம் ஊருக்குப் பொருந்துமா, நம் நிலத்துக்கு ஒத்துவருமா, இதற்குப் பணம் எங்கே என்றெல்லாம் விவாதித்தனர். விளங்காதவற்றை வினாக்களாக எழுதி நிலையத்துக்கு அனுப்பினர். அடுத்துவந்த நிகழ்ச்சிகளில் அவற்றுக்கு விடை கிடைத்தது.

இத்திட்டத்தை ஆய்ந்தவர் பால் நியூராத் என்னும் சமூகவியலாளர். அவர் மன்றம் இருந்த ஊர்களை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடவில்லை. வானொலிப் பெட்டி உண்டு, மன்றம் இல்லை என்னும் ஊர்களையும், வானொலியே இல்லாத ஊர்களையும் உடன் வைத்து ஒப்பிட்டார். மன்றம் அமைந்த ஊர்களிலேயே மக்களின் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அவ்வளவு வளர்ச்சி தென்படவில்லை. கேள்வியறிவு காதோடு முடிந்துவிடுவதன்று. பக்கத்தில் இருப்பவரோடு பேசும்போதே அது முற்றுப்பெறுகிறது என்பது இதனால் புலனாகின்றது அன்றோ? 1959-இல் இம்மன்றத் திட்டம் நாடு முழுமைக்கும் விரிவாக்கப்பெற்றது. அதே ஆண்டு டில்லியில் தொலைக்காட்சி தொடங்கியபோதும், பெட்டிகளை வீடுகளில் வைக்காமல் மன்றங்களில் வைத்து, மக்கள் கூடிக் காணவே வகை செய்தனர்.

தமிழ்நாட்டு நேயர் இதனைப் புதுமையாகக் கருதமாட்டார். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் அளித்த ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல்லைத் திருச்சி வானொலி நிலையம் 1960-களில் தஞ்சை உழவரிடையே இடைவிடாது எடுத்துச் சொன்னது. உழவர் அந்நெல்லின் எண்ணை மறந்து 'ரேடியோ நெல்' என்றே அதனை அழைத்தனர்.

அன்றைய மன்றத்துக்கும் இன்றைய பகல்நேர நிகழ்ச்சிக்கும் உள்ள வேறுபாடு யாது? வினா எழுப்புவது இரண்டிலும் உண்டு. ஆனால் அன்று வினவியது ஓர் ஊர். இன்று வினவுவது ஒரு தனிமனிதர். ஆயிரம் பேர் அழைக்க, ஐந்தாறு பேரே திரையில் பேசுகின்றனர். எஞ்சியோர் பிறர் வினாவுக்குரிய விடையைத் தம் வினாவுக்குரிய விடையாகக் கொள்கின்றனர். இடர் தோன்றும் இடம் இதுவே. நாசிக்கிலிருந்து ஒரு பெண்மணி தம் மூட்டுவலியைச் சொல்கிறார். மருத்துவர் அவருடைய வயது, உடல் எடை, உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றைக் கேட்டு ஒன்றைக் கூறுகிறார். சாகணில் அதனைக் காணும் நமக்கு மூட்டுவலி மட்டும் காதில் விழுகிறது. வயதும் எடையும் மருந்தும் காற்றோடு போய்விடுகின்றன.

நாமே அழைத்துப் பேச வாய்ப்புக் கிட்டுமாயின், வினாவை முன்னரே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நன்று. யாருக்கு நோய், எத்தனை நாளாக, என்ன மருந்து உட்கொள்கிறார், முன்பு யாரிடம் காட்டினார் என்னும் நான்கும் ஒரே மூச்சில் வந்துவிட வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவரைப் புகழ்வதிலேயே தமக்குக் கிடைத்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டுவிடும் நேயர்களை நாம் அறிவோம். நல்ல மருத்துவர், காணாத நோயாளிக்குத் துணிந்து மருந்து சொல்லமாட்டார். நேரில் காட்டுங்கள் என்பார். அதனைக் கேட்டுச் சிலர் ஏமாற்றமடைகின்றனர். நம் கருத்தில், அவ்வாறு சொல்பவரே நம்பத்தக்கவர்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்க்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இதனைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். கணவனால் துன்புறும் பெண் ஒருத்தி சென்னை நிகழ்ச்சியொன்றைச் சாகணில் இருந்து காண்கிறாள் என்று கொள்வோம். 'அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்' என்கிறார் வழக்கறிஞர். அறிவுரை நன்றே. ஆனால் அனைத்து மகளிர் காவல் நிலையம் என்பது 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கித் தமிழ்நாடெங்கும் பரவிய அமைப்பு. சாகணில் அப்பெயர்ப் பலகையைத் தேடினால் கிடைக்காது. இங்குள்ளது 2018-இல் அமைந்த பிம்ப்ரி சிஞ்ச்வட் காவல் ஆணையத்தின் கீழ் இயங்கும் பொதுக் காவல் நிலையமே. பலகையைக் காணாத அப்பெண், தனக்கு இங்கே வழியில்லை, ஊருக்குத் திரும்பினால்தான் நீதி என்று எண்ணி வாளாவிருந்துவிடலாம். உண்மை அதுவன்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுமைக்கும் பொது. பாதிக்கப்பட்ட பெண் நிலையாகவோ தற்காலிகமாகவோ வாழும் இடத்திலும், அவள் வேலை பார்க்கும் இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்று அச்சட்டமே கூறுகிறது. திருமணம் திருநெல்வேலியில் நடந்திருந்தாலும், சாகணில் வாடகை அறையில் வாழ்பவள் இவ்வூருக்குரிய நீதிமன்றத்தை அணுகலாம். மேலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்கள் அனைவருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அதற்குரிய தொலைபேசி எண் 15100. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கானது 1098, மனநல ஆலோசனைக்கு, 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் திட்டத்தின் 14416.

ஆகவே திரையில் வரும் சட்ட அறிவுரையை இரண்டாகப் பகுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் எது, அதனை நிறைவேற்றும் அலுவலகம் எது? சட்டம் பெரும்பாலும் பொதுவாயிருக்கும். அலுவலகமோ மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வேளாண்மைக்கும் இது பொருந்தும். சம்பாப் பட்டத்துக்கெனத் தஞ்சையில் சொல்லும் நாட்கணக்கைக் கொண்டு சாகணில் வெங்காயம் நட முடியுமா?

இனி, கசப்பானதொரு விஷயம். காலை வேளைகளில் மருத்துவ ஆலோசனை என்ற பெயரில் வருவனவற்றுள் சில, விலைகொடுத்து வாங்கிய விளம்பர நேரங்களே. அழைப்பவர் துன்பத்தைச் சொல்வார். அமர்ந்திருப்பவர் தம் மருந்தின் பெயரைச் சொல்வார். திரையின் அடியில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும். நமக்கு அறிமுகமான முதியவர் ஒருவர், இத்தகைய அரைமணி நேரத்தை நம்பி, பத்தாண்டுகளாக உட்கொண்டுவந்த நீரிழிவு மாத்திரையை நிறுத்திவிட்டார். அஞ்சலில் வந்த பொடியை மூன்று வாரம் உண்டார். நான்காம் வாரம் மருத்துவமனையில் சேர்க்கும் நிலை வந்தது. உயிர் பிழைத்தார், காலில் ஒரு விரலை இழந்தார். அவர் படித்தவர், ஆலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர் என்பதையும் சொல்ல வேண்டும். ஏமாறுவது படிக்காதவர் மட்டுமே என்னும் எண்ணம் நமக்கு வேண்டா.

நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம் முதலிய நோய்களைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்துவிட்டது. விளம்பரம் நிகழ்ச்சியினின்று தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது கம்பித் தொலைக்காட்சிக்குரிய 1994-ஆம் ஆண்டு விதிகளுள் ஒன்று. விதி இருக்கிறது, திரையிலும் 'விளம்பரம்' என்னும் சொல் ஒரு மூலையில் சில கணங்கள் எறும்புபோல் ஊர்ந்து மறைகிறது. அந்த எறும்பைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தை நேயர் கைக்கொள்ள வேண்டும். சொல் கண்ணில் படாவிட்டாலும் ஓர் அடையாளம் உண்டு. எந்நோய்க்கும் ஒரே கூடம், ஒரே பொடி, ஒரே தொலைபேசி எண் என்றால், அங்கே நடப்பது விற்பனை.

குடும்பச் சச்சரவுகளை அரங்கேற்றும் நிகழ்ச்சிகள் வேறு வகை. ஜீ தமிழ் அலைவரிசையில் 2011 முதல் வந்த 'சொல்வதெல்லாம் உண்மை' அவற்றுள் பெரும்பெயர் பெற்றது. கணவன், மனைவி, மாமியார் ஆகியோர் எதிரெதிரே அமர்ந்து வழக்குரைத்தனர்; நாடே பார்த்தது. 2018-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்நிகழ்ச்சிக்கு இடைக்காலத் தடை விதித்தது. வேறு எங்கும் தம் குறையைச் சொல்ல வழியற்ற ஏழைகள் அங்கே சென்றனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் அரங்கேறிய பின், அண்டை வீட்டார் முன்னிலையில் அக்குடும்பம் மறுநாள் எவ்வாறு வாழும் என்னும் வினாவைத் திரை காட்டுவதில்லை.

இதற்கு மாறான போக்கையும் கண்டிருக்கிறோம். 2012 மே 6 முதல் ஞாயிறுதோறும் பகல் 11 மணிக்கு ஆமிர்கான் நடத்திய 'சத்யமேவ ஜயதே' தமிழிலும் வந்தது. தனியொருவர் துன்பத்தில் தொடங்கி, அது பலரது துன்பம் என்று காட்டி, சட்டத்திடமும் அரசிடமும் கேட்க வேண்டியவற்றைக் கேட்டது. கண்ணீருக்குச் சற்று மிகுதியாகவே இடமளித்தது என்பது நம் குறை. மருத்துவத் துறையைப் பற்றிய பகுதி, மருத்துவர் சங்கத்தின் சினத்தையும் தூண்டிற்று. எனினும் அது திரையோடு நிற்கவில்லை. அந்நிகழ்ச்சியின் குழுவினரே 2016-இல் பானி அறக்கட்டளையைத் தொடங்கி, மழைநீரைத் தேக்குவதில் மகாராஷ்டிரக் கிராமங்களுக்கிடையே போட்டி நடத்தினர். முதலாண்டில் மூன்று வட்டங்களில் மட்டும் நடந்த அப்போட்டியில், சதாரா மாவட்டத்து வேளு என்னும் சிற்றூர் முதற்பரிசு பெற்றது. அறுபது ஆண்டுகளுக்கு முன் வானொலி மன்றங்கள் கூடிய அதே நிலப்பகுதி அது.

சாகணில் தமிழர் வாழும் ஒரு குடியிருப்பில், நான்கு வீட்டார் நண்பகலில் ஒரே அறையில் கூடுவதை அண்மையில் கண்டோம். மூன்று பெண்கள், இரவு முறை முடித்த ஓர் இளைஞர். ஓடிக்கொண்டிருந்தது மராத்தி நிகழ்ச்சி. பள்ளியில் மராத்தி பயின்ற பதின்மூன்று வயதுச் சிறுமி மொழிபெயர்த்தாள். மருத்துவர் குழந்தைகளின் காய்ச்சலைப் பற்றிப் பேசினார். ஒருவர் பழைய நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு, மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் எங்கே காட்டுவது, அரசு மருத்துவமனையில் எத்தனை மணிக்குச் சீட்டுக் கொடுக்கிறார்கள், அங்கே மராத்தியில் என்ன சொல்ல வேண்டும் என்று பேசத் தொடங்கினர். சிறுமி அவ்வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிக்கொடுத்தாள். மற்றவர்கள் அதனைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டனர்.