கணினியின் வாயில்களை அறிவோம்

உடம்பை ஒன்பது வாயில் கொண்ட வீடு என்று நம் பெரியோர் சொல்வர். கணினிக்கும் வாயில்கள் உண்டு. எந்த வாயில் எதற்கு என்பது தெரியாததால்தான் நம்மில் பலர், குறிப்பாக மூத்தவர்கள், அதன் அருகே செல்லத் தயங்குகின்றனர்.

இன்று ஆலய அலுவலகங்களில் உபயப் பதிவும் ரசீதும் வரவு செலவுக் கணக்கும் கணினியில் நடைபெறுகின்றன. பிள்ளைகளின் பாட வகுப்புகளுக்கு அன்பர்கள் கணினிகளை நன்கொடையாக வழங்குகின்றனர். அப்படி வந்த ஒன்று ‘கெட்டுவிட்டது’ என்று மூலையில் ஒதுக்கப்படும்போது, உண்மையான குறை கழன்று கிடக்கும் ஒரு கம்பியாக மட்டும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பொறுமையாகப் பார்க்கும் கண் போதும்.

முதலில் பெட்டியின் பின்புறத்தைப் பார்ப்போம்.

மின்சாரக் கம்பி சேருமிடத்தில் மூன்று தடித்த முனைகள் இருக்கும். பெரும்பாலும் அருகிலேயே ஒரு சுவிட்ச் உண்டு. அதில் கோடு போட்ட பக்கத்தை அழுத்தினால் மின்சாரம் செல்லும். வட்டம் போட்ட பக்கத்தை அழுத்தினால் நிற்கும். பழைய பெட்டிகள் சிலவற்றில் 115, 230 என்று எழுதிய சிவப்புச் சுவிட்சும் காணப்படும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஆகவே அது 230இல்தான் இருக்க வேண்டும். 115இல் வைத்து இயக்கினால் மின்சாரம் வழங்கும் பகுதி கருகிவிடும்.

விசைப்பலகைக்கும் மௌஸ் எனப்படும் சுட்டிக்கும் பழைய கணினிகளில் இரண்டு வட்ட வாயில்கள் உண்டு. கத்தரிப்பூ நிறம் விசைப்பலகைக்கு, பச்சை சுட்டிக்கு. இவற்றைக் கணினி அணைந்திருக்கும்போதே பொருத்த வேண்டும். 1996இல் வெளிவந்த யு.எஸ்.பி. என்னும் தட்டையான நீள்சதுர வாயில் இவற்றின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. விசைப்பலகை, சுட்டி, அச்சுப்பொறி யாவும் இதில் சேரும். உள்ளே நீலமாக இருந்தால் பெரும்பாலும் அது வேகம் மிகுந்த வகை. முனை உள்ளே செல்லவில்லை என்றால் வலிந்து தள்ளாமல் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். இருமுனையும் உருண்ட சிறிய ‘சி’ வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

திரைக்கு உரியவை வேறு. மூன்று வரிசையில் 15 துளைகள் கொண்ட நீல நிற வாயில் வி.ஜி.ஏ.; இது 1987இல் வந்தது. தட்டையாக, கீழ்மூலைகள் இரண்டும் சரிந்திருப்பது எச்.டி.எம்.ஐ. ஒரு மூலை மட்டும் வெட்டுப்பட்டிருந்தால் அது டிஸ்பிளே போர்ட். சில கணினிகளில் திரைக்கான வாயில்கள் மேலே ஒரு தொகுதியும் கீழே தனி அட்டையில் ஒரு தொகுதியுமாக இருக்கும். அப்போது கீழே உள்ளதில் பொருத்துங்கள். மேலே பொருத்தினால் கணினி ஓடினாலும் திரை இருட்டாகவே இருக்கக்கூடும்.

வட்டமான சிறு துளைகள் ஒலிக்கு உரியவை: பச்சை ஒலிபெருக்கிக்கு, இளஞ்சிவப்பு ஒலிவாங்கிக்கு. தொலைபேசி முனையைவிடச் சற்று அகன்ற சதுர வாயில் இணையக் கம்பிக்கு. அங்கே சிறு விளக்கு எரிந்தாலோ மின்னினாலோ இணைப்பு இருக்கிறது என்று பொருள். ஒன்றுமே எரியவில்லை என்றால் கம்பியின் இரு முனைகளையும் சரிபாருங்கள்.

இனி முன்புறம். பெரிய பொத்தான் கணினியை எழுப்புவதற்கு. அதன் விளக்கு நிலையாக எரிந்தால் கணினி விழித்திருக்கிறது. மற்றொரு விளக்கு விட்டுவிட்டு மின்னினால், உள்ளே எழுதுவதும் படிப்பதுமான வேலை நடக்கிறது. அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டித்தால், அன்று பதிந்த உபயக் கணக்கே சிதைந்துபோகக்கூடும். கணினி அசையாமல் நின்றுவிட்டால் சற்றுப் பொறுத்துப் பாருங்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் பெரிய பொத்தானைச் சில விநாடிகள் விடாமல் அழுத்தி அணைக்கலாம். அன்றாடம் திரையில் உள்ள கட்டளை மூலம் அணைப்பதே முறை.

திரையின் விளக்கும் நமக்குச் செய்தி சொல்லும். அது அறவே எரியவில்லை என்றால், திரைக்கு மின்சாரம் வரவில்லை அல்லது அதன் பொத்தான் அணைந்திருக்கிறது. பல திரைகளில் விளக்கு ஆரஞ்சு நிறமாகவோ விட்டுவிட்டோ எரிந்தால், மின்சாரம் வருகிறது. கணினியிலிருந்து படம்தான் வரவில்லை. கணினி விழித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவிலுள்ள கம்பியை இருபுறமும் சரியாக அழுத்திப் பொருத்துங்கள். பழுதுபார்ப்பவரை அழைப்பதற்கு முன் இவ்வளவும் செய்து பார்க்கலாம்.

பயன்படுத்திய கணினியை வழங்க முன்வரும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியை மட்டும் கொடுக்காமல் அதற்குரிய கம்பிகளையும் சேர்த்துக் கொடுங்கள். ஒவ்வொரு கம்பியிலும் அது சேரும் இடத்தை ஒரு காகிதத் துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். பெற்றுக்கொள்ளும் தொண்டர்களும் அதைக் கிழிக்காமல் பாதுகாக்க வேண்டும்.

கொடுத்தவர் மனம் நிறைவது பொருள் பயன்படும்போதுதான். ஒரு கம்பி கழன்றதற்காக ஒரு தர்மம் மூலையில் முடங்கிவிடாமல் காப்பதும் தொண்டே என்பதை மனத்தில் கொள்வோமாக.