சனிக்கிழமை விருந்தினர்

சனிக்கிழமை நண்பகல் கடந்துவிட்டால் புதுச்சேரி நம்முடைய ஊராக இருப்பதில்லை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும், பெங்களூரிலிருந்து திண்டிவனம் வழியாகவும் வண்டிகள் சாரை சாரையாக வந்து சேருகின்றன. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள வீதிகளில் நடக்க இடமிருக்காது. மஞ்சள் சுவர்களின் முன்னும் காகிதப்பூக் கொடிகளின் கீழும் இளைஞர்கள் நின்று படமெடுத்துக் கொள்கின்றனர். கடல் காண வருவோர் சிலர். பிரஞ்சுக்காரர் விட்டுச் சென்ற வீதிகளைக் காண வருவோர் சிலர். மறைப்பானேன், மலிவான மதுவை நாடி வருவோரும் பலர். ஞாயிறு மாலை அவர்கள் திரும்பிச் சென்றபின் அவர்கள் விட்டுச் சென்றவற்றின் கணக்கு, திங்கட்கிழமை விடியலில் கடற்கரைச் சாலையைப் பெருக்கும் துப்புரவுப் பணியாளருக்கே தெரியும்.

இந்த வார இறுதி விருந்தினர்மேல் நமக்கு நல்லெண்ணம் இருந்ததில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தார் நம் பங்குக் கோவிலினுள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நுழைந்து, பீடத்தின் படிகளில் வரிசையாக அமர்ந்து படமெடுத்துக் கொண்டனர். அவர்களில் ஒருவர் குருவானவரின் இருக்கையிலேயே காலின்மேல் கால் போட்டு அமர்ந்துவிட்டார். நமக்கு வந்த சினத்தைச் சொல்லி முடியாது. அன்றே ஒரு பலகை எழுதி வாசலில் தொங்கவிட்டோம். "வழிபாடு இல்லாத நேரங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. சனி, ஞாயிறுகளில் திருப்பலி முடிந்ததும் கதவைப் பூட்டிவிடும்படி கோவில்பிள்ளையிடம் கட்டளையிட்டோம். பங்கு மக்களில் சிலர், "சரியான வேலை செய்தீர்கள், சாமி" என்று பாராட்டினர். அந்தப் பாராட்டு இனிக்கவும் செய்தது.

சென்ற செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை அந்தி வேளை. மாடியில் நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். கீழே பூட்டிய கதவின்முன் வேற்று நாட்டார் நால்வரும் ஒரு சிறுவனும் நின்றிருந்தனர். கோவில்பிள்ளை பலகையைச் சுட்டிக் காட்டிக் கையை அசைத்தார். அவர்கள் மறுத்துப் பேசவில்லை. தலைகுனிந்து வணங்கி விலகினர். ஆனால் அவர்களில் ஒரு பெண்மணி தம் கைப்பையிலிருந்து வெண்ணிற முக்காடு ஒன்றை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கோவில் படியிலேயே, பூட்டிய கதவை நோக்கி முழந்தாளிட்டார். மற்ற மூவரும் அவரருகே முழந்தாளிட்டனர். வீதியில் ஆட்டோக்களும் மோட்டார் வண்டிகளும் ஒலியெழுப்பிக்கொண்டு கடந்து சென்றன.

நாம் படியிறங்கி ஓடினோம் என்று எழுதினால் மிகையாகாது. சாவியை நாமே வாங்கிக் கதவைத் திறந்தோம்.

அவர்கள் கொரியர்கள். கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார்களைத் தயாரிக்கத் தொடங்கியதையும், அதற்கு உறுப்புகள் செய்து தரும் தொழிற்சாலைகள் பல அங்கிருந்தே இங்கு வந்து அமைந்ததையும் வாசகர் அறிவர். அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் நண்பர் மூவர், ஒருவரின் மனைவி, அவர்களுடைய மகன் ஆகியோர் இரு நாள் விடுமுறையில் கடல் பார்க்க வந்திருந்தனர். கடலைப் பார்த்தாயிற்று, நம் ஊர்ப் புகழ் பெற்ற சாயோவையும் தின்றாயிற்று. கோவில் கோபுரம் கண்ணில் பட்டதும் வந்துவிட்டார்கள். செப்டம்பர் மாதம் கொரியத் திருச்சபையில் மறைசாட்சிகளின் மாதமாம். அம்மாதத்தில் வழியில் காணும் கோவிலைக் கடந்து போக மனம் வரவில்லை என்றார் அந்தப் பெண்மணி.

சிறுவனுக்கு ஆறு வயதிருக்கலாம். நற்கருணைப் பேழையின் விளக்கைக் காட்டித் தந்தையிடம் ஏதோ கேட்டான். அவன் சொன்ன முதற் சொல் "அப்பா" என்பது. கோவில்பிள்ளை திடுக்கிட்டு நம்மைப் பார்த்தார். கொரிய மொழியிலும் தந்தையைப் பிள்ளைகள் அப்பா என்றே அழைக்கின்றனர். இதைக் கொண்டு தமிழும் கொரியமும் உடன்பிறந்த மொழிகள் என்று நூல் எழுதுவோர் உண்டு. அந்த வழக்கில் நாம் நுழையவில்லை. ஆயினும் கோவில்பிள்ளை அன்று முதல் அந்தச் சிறுவனுக்கு அடிமையாகிவிட்டார்.

இரவு நம் இல்லத்தில் காப்பி அருந்தியவாறு பேசிக்கொண்டிருந்தோம். நால்வரில் மூத்தவர் அமைதியானவர். எண்ணி எண்ணி ஆங்கிலம் பேசுபவர். சென்னையில் கொரியக் குடும்பங்கள் சில மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடி, விவிலியம் வாசித்துச் செபிப்பதாகச் சொன்னார். கொரியாவில் ஒவ்வொரு பங்கும் இவ்வாறு அண்டை வீட்டார் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறதாம். நம் அன்பியங்களைப் போன்றதுதான். "குருவானவர் வருவாரா?" என்று கேட்டோம். அவர் புன்னகை செய்தார். "எங்கள் திருச்சபை குருக்கள் வருவதற்கு முன்பே தொடங்கியதல்லவா?" என்றார்.

குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்றபோது இதைப் படித்தோம், தேர்வு எழுதினோம், மறந்தும் போனோம். கொரியாவிற்கு முதலில் சென்றது மறைபோதகர் அல்லர், நூல்கள். சீனாவில் அச்சான வேத நூல்களை அறிஞர் சிலர் தமக்குள் படித்து ஆராய்ந்தனர். அவர்கள் சார்பில் யி சங்ஹூன் என்பவர் பீக்கிங் சென்று 1784-இல் இராயப்பர் என்னும் பெயருடன் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பி, தம் தோழர்களுக்கும் திருமுழுக்கு அளித்தார். சீனக் குருவானவர் ஒருவர் அந்நாட்டினுள் நுழைந்தது ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின்னர்தான். அவரும் 1801-இல் கொல்லப்பட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குருவும் இல்லை, திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. விசுவாசம் மட்டும் இருந்தது. ஒரு ஞாயிறு மறையுரை நீண்டால் கடிகாரத்தைப் பார்க்கும் நம் மக்களையும், அவர்களைக் கடிந்துகொள்ளும் நம்மையும் அவ்வேளை எண்ணிப் பார்த்தோம்.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு ஐவரும் வந்தனர். அப்பெண்மணியின் வெண் முக்காட்டைக் கண்ட நம் பங்குத் தாய்மார்கள், தோளில் கிடந்த சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டது பீடத்திலிருந்தே நம் கண்ணில் பட்டது.

திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது விதவைத் தாய் ஒருவர் நம்மை நெருங்கினார். அவருடைய ஒரே மகன் கொரியாவில் தேஜோன் நகரில் ஆராய்ச்சி மாணவன். "சாமி, இவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தானே? அவன் பூசைக்குப் போகிறானா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அங்கே கோவில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்" என்றார். நாம் மொழிபெயர்க்கும் வரை அவருக்குப் பொறுமை இல்லை. கொரியப் பெண்மணியின் கையைப் பற்றிக்கொண்டு தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டார். மகன் பெயர், வயது, அவன் வயிற்றுக்கு ஒத்துவராத உணவுகள் அனைத்தையும் சொன்னார். அந்தப் பெண்மணி ஒரு சொல்லும் புரியாமலே தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் நம் வாயிலாக விவரம் அறிந்ததும் மகனுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தேஜோனில் அவருடைய உறவினர் இருக்கிறார்களாம்.

பிறகு விருந்தினரைச் சம்பா கோவிலுக்கு அழைத்துச் சென்றோம். சான் பவுல் என்பதே மருவிச் சம்பா ஆயிற்று என்பர். சேசு சபையினர் கட்டிய பழைய கோவில் 1761-இல் ஆங்கிலேயர் இந்நகரை அழித்தபோது இடிந்துபோக, இன்றுள்ள பேராலயம் 1791-இல் மந்திரிக்கப்பட்டது. அமலோற்பவ மாதாவின் பெயரால் விளங்குவது. இதைச் சொல்லி முடிக்குமுன் மூத்தவர் நிமிர்ந்து பார்த்தார். சியோல் நகரத்து மியோங்தோங் பேராலயமும் அமலோற்பவ மாதாவின் கோவிலே. 1898-இல் மந்திரிக்கப்பட்ட செங்கற் கோவில். அதைக் கட்டியவர்கள் யார்? பாரீசு வேதபோதக சபையினர். 1776 முதல் புதுவை மறைத்தளத்தை ஏற்று நடத்தியவர்கள் யார்? அதே சபையினர். 1955 வரை நம் பேராயர்களும் அவர்களே.

அப்பொழுதுதான் நமக்கு வீராம்பட்டினம் நினைவுக்கு வந்தது. ஆடித் தேர்த் திருவிழாவினால் அவ்வூரை எல்லாரும் அறிவர். அங்கே ஒரு காலத்தில் ஆசியாவின் பல நாட்டு மாணவர் பயின்ற குருமடம் இருந்ததை அறிந்தோர் சிலரே. பாரீசு சபையினர் 1665-இல் சயாம் நாட்டின் அயுத்தியாவில் நிறுவிய குருமடம் அது. போரினாலும் கலகத்தினாலும் ஊர் ஊராக ஓடி, கடைசியில் கடல் வழியாக 1770-இல் நம் கரை சேர்ந்தது. பின்னாளில் ஆயராகிய பிஞ்ஞோ தெ பெஹேன், கழுத்தில் மரச்சட்டம் மாட்டப்பட்டுச் சிறையிலிருந்தவர், மாணவரோடு வந்து வீராம்பட்டினத்தில் தங்கினார். வியட்நாமிய, இலத்தீன் அகராதி ஒன்றையும் இங்கே தொகுத்தார். 1782-இல் இக்குருமடம் மூடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதையே பினாங்குத் தீவில் மீண்டும் திறந்தனர். அங்கே ஆசிரியராக இருந்தோருள் இருவர் இம்பேர், சாஸ்தான் என்னும் குருக்கள். இருவரும் பின்னர் கொரியாவிற்குள் மறைந்து நுழைந்தனர். இம்பேர் அங்கே ஆயரானார். 1839-இல் கிறிஸ்தவர்களைத் தேடித் தேடிப் பிடித்துக் கொன்றபோது, மறைபோதகர்கள் அகப்பட்டால் மக்களை விட்டுவிடுவார்கள் என்று எண்ணி இம்பேர் தம்மையே ஒப்புவித்தார். மோபான், சாஸ்தான் இருவரையும் வெளிவரும்படி எழுதி அனுப்பினார். அவர்களும் வந்தனர். செப்டம்பர் 21 அன்று சேனம்தோ என்னும் ஆற்று மணலில் மூவர் தலையும் வெட்டப்பட்டன.

பிற்பகலில் வண்டியை வீராம்பட்டினத்திற்குத் திருப்பச் சொன்னோம். அங்கே காட்டுவதற்கு நம்மிடம் என்ன இருந்தது? மணல், படகுகள், வலை சீர்செய்யும் மீனவர், வெயிலில் காயும் கருவாடு. இருந்தும் மூத்தவர் காலணியைக் கழற்றிவிட்டு அந்த மணலில் நெடுநேரம் நின்றார். 1984 மே 6 அன்று இரண்டாம் அருள் சின்னப்பர் சியோலுக்கு வந்து 103 மறைசாட்சிகளைப் புனிதராக உயர்த்தினார். அவருள் 93 பேர் கொரியர். 10 பேர் பாரீசு சபையின் பிரஞ்சுக்காரர். அன்று மூத்தவர் சிறுவன். தந்தையின் தோள்மீது அமர்ந்து அந்தத் திருப்பலியைக் கண்டாராம். "இம்பேர் ஆயரின் பெயரைச் சொல்லித்தான் என் பாட்டி என்னை உறங்க வைப்பார். அவர் பாடம் சொல்லித்தந்த பள்ளி இங்கிருந்து போனது என்று தெரியாது" என்றார். அவ்வளவே பேசினார். சிறுவன் சிப்பி பொறுக்கிக் கால்சட்டைப் பையை நிரப்பிக்கொண்டான். மாலையில் அவர்கள் சென்னை திரும்பினர்.

இரண்டு மாதங்களுக்குப் பின் அந்த விதவைத் தாயின் மகனிடமிருந்து நமக்குக் கடிதம் வந்தது. இக்காலத்துக் கடிதம், கைப்பேசியில் வந்ததுதான். முதலில் அவனுக்குக் கோபமாம். முன்பின் அறியாத கொரிய மாது ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வெள்ளிக்கிழமை செபக் கூட்டத்துக்கு வருமாறு கூறினால் கோபம் வராதா? அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்தானாம். போகவில்லை. அவர் மறுபடியும் அழைக்கவில்லை. ஆனால் விடுதி வாசலில் ஒரு பாத்திரத்தில் சோறும் காய்கறிகளும் வைத்துவிட்டுப் போனார். வயிற்றுக்கு ஒத்துவராதது எதுவும் அதில் இல்லை.

பின்னர் ஒரு சனிக்கிழமை, ஆய்வுக்கூடத்து நண்பர் மூவரோடு இரயிலேறிச் சியோல் சென்றிருக்கிறான். தேஜோனிலிருந்து விரைவு இரயிலில் ஒரு மணி நேரப் பயணம். அரண்மனை பார்த்தார்கள், மலைமேல் உள்ள கோபுரம் பார்த்தார்கள். இரவானதும் மியோங்தோங் கடைவீதியில் தின்பண்டம் வாங்கித் தின்று நடந்தார்கள். மேட்டின்மேல் விளக்கொளியில் செங்கற் கோபுரம் தெரிந்தது. "சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று நண்பர்களிடம் சொன்னேன், ஃபாதர். கதவு திறந்திருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை" என்று எழுதியிருந்தான். பீடத்தின் கீழே நிலவறைச் சிற்றாலயத்தில் மறைசாட்சிகளின் எலும்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே இம்பேரின் பெயரைப் படித்தானாம். அம்மா தொலைபேசியில் சொன்ன வீராம்பட்டினத்துக் கதை நினைவுக்கு வந்ததாம். பின்னால் திரும்பினால் வியட்நாமிய நண்பன் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு நின்றிருந்தான். இரண்டாண்டுகள் ஒரே மேசையில் வேலை செய்த இருவரும், மற்றவன் கத்தோலிக்கன் என்பதை அன்றுதான் அறிந்தனர்.

கடிதத்தைக் கோவில்பிள்ளைக்குப் படித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பலகையை நாம் கழற்றச் சொன்னது கொரியர்கள் வந்த மறுவாரமே. இப்பொழுது சனிக்கிழமைகளில் மாலை ஆறு முதல் எட்டு வரை நம் இளைஞர் இருவர் முறை வைத்து உள்ளே அமர்ந்திருக்கின்றனர். தொப்பியைக் கழற்றச் சொல்லவும், கேட்போர்க்குக் கோவிலைப் பற்றிச் சொல்லவும் அவர்களே. சென்ற வாரமும் ஒருவர் பீடப் படியில் அமர்ந்துவிட்டார் என்று புகார் வந்தது. பலகையைக் கோவில்பிள்ளை கேட்டு வாங்கிக்கொண்டு போய், தம் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கதவாக மாட்டியிருக்கிறார். எழுத்து உட்புறம் பார்த்திருக்கிறது.