மினுக்கத் தூளும் மூச்சுக்காற்றும்

பாறையில் பிறந்த பளபளப்பு

இமைப்பூச்சிலும் உதட்டுச்சாயத்திலும் கையால் செய்த சவர்க்காரத்திலும் மின்னுகிற தூள் மைக்கா. சித்த மருத்துவம் இதை அப்பிரகம் என்கிறது, ஊர்வழக்கில் காக்காப்பொன். இலங்கையின் மலைநாட்டுக்கு இது புதிய சரக்கல்ல. மஸ்கெலியா, பதுளை, தலாத்துஓயாப் பக்கத்துப் பாறைகளில் புளோகோபைட் என்ற பழுப்பு மைக்கா இருக்கிறது. ஒப்பனைக்கு அதிகம் போவது மஸ்கோவைட் என்ற வெளிறிய வகை. அதை மாவாக அரைத்து, ஒவ்வொரு செதிலின் மேலும் டைட்டேனியம் டயொக்சைட்டைப் படலமாகப் பூசுகிறார்கள். படலம் மெல்லியதானால் வெள்ளி மினுக்கம். தடிக்கத் தடிக்கப் பொன், சிவப்பு, நீலம், பச்சை. இரும்பு ஒட்சைட்டுப் பூசினால் செம்பு நிறம். ஆகவே "முழுக்க இயற்கை" என்ற வாசகத்தைப் பார்த்தே ஒன்றை நம்பிவிடுவது சரியில்லை. கல் மண்ணிலிருந்து வந்தது, நிறம் ஆலையிலிருந்து வந்தது.

தோலுக்குப் பெரிய பயமில்லை

மைக்கா தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் கரையாது, தோலுக்குள் ஊறி இறங்காது. கண்ணைச் சுற்றிப் பூசும் பொருட்களில்கூட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதை அனுமதித்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு: பத்து இலட்சம் பங்கில் ஈயம் 20 பங்கையும், ஆர்செனிக் 3 பங்கையும், பாதரசம் 1 பங்கையும் தாண்டக்கூடாது. பாறையோடு பாறையாக இந்த உலோகங்களும் வரக்கூடும் என்பதால்தான் அந்த வரம்பு. பெயரும் விபரமும் இல்லாமல் சின்னப் பையில் கட்டி விற்கும் தூளில் அந்த வரம்பை யார் அளந்தது? ஒப்பனைத் தரமான தூளின் உறையில் சி.ஐ. 77019 என்ற எண்ணும், மேற்பூச்சுகளின் எண்களும் இருக்க வேண்டும். கைவினை வேலைக்கென்று விற்கும் தூளைச் சவர்க்காரத்தில் போடவே கூடாது. பிரஷ்ய நீலம் பூசிய தூள், சவர்க்காரம் செய்யச் சேர்க்கும் காஸ்டிக் சோடாவின் காரத்தில் சிதைந்து பழுப்பாகிவிடும். அந்த நிறமாற்றம், அது இந்த வேலைக்கு ஆகாத பொருள் என்பதற்கு அடையாளம்.

"உடம்பில் தேய்த்துக் கழுவிவிடுகிற பொருள்தானே, இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்று கேட்கலாம். பாவிப்பவரைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்விதான். சவர்க்காரம் செய்பவரின் நிலை வேறு.

நுரையீரலின் கணக்கு

மைக்காத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்த அரைவை ஆலைத் தொழிலாளரின் நுரையீரல் தழும்பேறி இறுகுவதை மருத்துவம் வெகுகாலமாக அறிந்திருக்கிறது. பத்து மைக்ரோனுக்கும் சிறிய துகள் மூக்கின் தடைகளைத் தாண்டி உள்ளே போய்விடும். சுரங்கத்தில் அதோடு படிகக்கல் தூசியும் சேர்ந்தால் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய். மாதத்துக்கு நாலு கரண்டித் தூள் கலக்கும் ஒருவருக்கு இந்த நோய் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அந்த அளவு எங்கே, இது எங்கே. ஆனாலும் வட்டகொடை போன்ற தேயிலைத் தோட்டத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் ஒரு பெண் சவர்க்காரம் செய்வதைச் சுயதொழிலாகக் கொண்டால், அதே காற்றில்தான் விறகடுப்புப் புகையும் இருக்கிறது, பிள்ளையும் படுத்திருக்கிறது. ஏற்கனவே புகை தின்ற நெஞ்சுக்கு இன்னொரு தூசி எதற்கு?

தடுக்கும் வழியோ மிகச் சுலபம். தூளை உலர்ந்தபடி கொட்டாமல், முதலில் ஒரு கரண்டி எண்ணெயில் குழைத்துக்கொண்டு பிறகு கலவையில் சேர்க்க வேண்டும். நனைந்த தூள் பறக்காது. ஒரு கிலோ எண்ணெய்க்கு இரண்டு தேக்கரண்டித் தூள் தாராளம். வேலையை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு, முகக்கவசம் கட்டி, சிந்தியதைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காஸ்டிக் சோடா இதைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. அதைக் கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

தோண்டுகிறவர்களின் மூச்சு

ஜார்க்கண்டின் கொடர்மா, கிரிதி மாவட்டங்களிலும் பீகாரின் நவாதாவிலும் கைவிடப்பட்ட சுரங்கங்களில் குடும்பங்கள் 'டிப்ரா' எனப்படும் மைக்காத் துண்டுகளைப் பொறுக்குகின்றன. அந்த வேலையில் சுமார் 20,000 பிள்ளைகள் இருப்பதாக 2016இல் மதிப்பிடப்பட்டது. மண் சரிந்து பிள்ளைகள் இறந்த செய்திகளும் அதே ஆண்டில் வெளிவந்தன. அப்படியானால் மைக்காவையே ஒதுக்கிவிடலாமா? தேயிலையை உலகம் ஒதுக்கினால் முதலில் அடுப்பு அணைவது யார் வீட்டில் என்பது மலையகத்துக்குத் தெரியும். அங்கும் அப்படித்தான், வாங்குவதை நிறுத்தினால் சுரங்கத்துக்குப் போகும் பிள்ளை தானாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடாது. 2017இல் தொடங்கிய பொறுப்பான மைக்கா முன்முயற்சி என்ற அமைப்பு, வாங்கும் நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கிராமங்களில் நியாயமான கூலிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேலை செய்கிறது. என் மனம் அந்த வழியின் பக்கம்தான் சாய்கிறது.

மூலத்தை உறுதிப்படுத்த முடியாத சிறு உற்பத்தியாளருக்கு உலையில் செய்த செயற்கை மைக்கா இருக்கிறது. உறையில் 'சிந்தெடிக் ஃபுளோர்புளோகோபைட்' என்றிருக்கும். அதில் உலோகக் கலப்பு குறைவு, தோண்டும் பிள்ளையும் இல்லை. அதுவும் பறக்கும் தூள் என்பதால் அதையும் எண்ணெயில் குழைத்துத்தான் சேர்க்க வேண்டும்.