மலிவு ஆடையின் மீதி விலையைச் செலுத்துவது யார்?

புறக்கோட்டையிலோ, கண்டியிலோ, கல்முனையிலோ புடவைக் கடை நடத்தும் எமது வர்த்தகர் ஒருவர் ஒரு சட்டையைக் கையில் எடுத்த மாத்திரத்திலேயே அதன் துணியையும் தையலையும் பார்த்து விலையைச் சொல்லி விடுவார். ஆனால் அந்தச் சட்டை எந்தக் கட்டடத்தில், எத்தகைய நிலைமையில் தைக்கப்பட்டது என்று கேட்டால் அவரால் மட்டுமல்ல, அதனைத் தன் பெயரில் விற்கும் உலகப் புகழ்பெற்ற நிறுவனத்தினாலும் பல வேளைகளில் பதில் சொல்ல முடிவதில்லை. கழுத்துப் பட்டியில் நாட்டின் பெயர் இருக்கும். தொழிற்சாலையின் பெயர் இருக்காது.

இன்றைய ஆடை வர்த்தகத்தின் மிகப் பெரிய பிரச்சினை இதுதான். இதனை ஆராய விரும்பும் எவரும் பங்களாதேஷிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். சீனாவுக்கு அடுத்த வரிசையில் நின்று உலகுக்கு ஆடை வழங்கும் நாடு அது. அங்கு சுமார் 40 இலட்சம் பேர் இத்தொழிலில் ஈடுபட்டுள்ளனர். இவர்களில் பெரும்பான்மையினர் கிராமங்களிலிருந்து வந்த எமது சகோதரிகள்.

ரானா பிளாஸா சொன்ன செய்தி

டாக்காவுக்கு அருகே சாவார் என்ற இடத்தில் ரானா பிளாஸா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமாகத் திட்டமிடப்பட்ட அக்கட்டடத்தின் மேல் மாடிகள் உரிய அனுமதியின்றிக் கட்டப்பட்டவை. அவற்றில் ஐந்து ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கின. பாரமான இயந்திரங்களும் மின்பிறப்பாக்கிகளும் மேலே ஏற்றப்பட்டிருந்தன.

2013 ஏப்ரல் 23ஆம் திகதி சுவர்களில் வெடிப்புகள் தென்பட்டன. மறுநாள் கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் திறக்கப்படவில்லை. ஆனால் தையல் தொழிலாளர்கள் உள்ளே அழைக்கப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் வெட்டப்படும் என்று அச்சுறுத்தப்பட்டதாகத் தப்பியவர்கள் பின்னர் கூறினர். காலை ஒன்பது மணியளவில் மின்சாரம் தடைப்பட்டு மின்பிறப்பாக்கிகள் இயங்கத் தொடங்கியதும் கட்டடம் சரிந்தது. 1,130க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 2,500 பேர் காயமடைந்தனர்.

ஒரே கட்டடம், ஒரே வெடிப்பு. வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார். தையல் தொழிலாளி உள்ளே இருந்தார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வங்கிக்கு ஒரு நாள் மூடினால் பெரிய நட்டமில்லை. தொழிற்சாலைக்கோ கப்பலேற்ற வேண்டிய திகதி ஒன்று இருந்தது. அத்திகதி தவறினால் விலையில் கழிவு கொடுக்க வேண்டும், அல்லது சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும், அல்லது ஓடரையே இழக்க வேண்டும்.

விலை எப்படிக் கீழே இறங்குகிறது?

ஓர் ஆடைத் தொழிற்சாலை உரிமையாளரின் கணக்கை எமது வர்த்தகர்கள் இலகுவில் விளங்கிக் கொள்வார்கள். ஆடையின் செலவில் பெரும்பகுதி துணிக்கும் நூலுக்கும் பொத்தானுக்கும் போகிறது. அவற்றின் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. மின்சாரக் கட்டணத்தையும் வங்கி வட்டியையும் அவரால் குறைக்க முடியாது. இந்நிலையில் கொள்வனவாளர், "பக்கத்து நாட்டில் இதைவிடக் குறைவாகத் தருகிறார்கள்" என்று விலையைக் குறைக்கக் கேட்டால் அவர் எதில் கை வைப்பார்? மிஞ்சுவது மூன்றே மூன்று: தொழிலாளியின் கூலி, அவருடைய நேரம், கட்டடத்தின் பாதுகாப்பு.

இன்னொரு வழியும் இருக்கிறது. தன்னால் முடிக்க இயலாத ஓடரை இன்னும் மலிவாகச் செய்யும் ஒருவருக்குத் துணை ஒப்பந்தமாகக் கொடுத்து விடுவது. 2012 நவம்பர் 24ஆம் திகதி டாக்காவுக்கு அருகே அஷுலியாவில் தஸ்ரீன் தொழிற்சாலை எரிந்து 112 பேராவது உயிரிழந்தபோது அங்கே வோல்மார்ட் நிறுவனத்துக்கான ஆடைகளும் காணப்பட்டன. தமது அனுமதியின்றி ஒரு விநியோகஸ்தர் அங்கே வேலையைக் கொடுத்துவிட்டார் என்று அந்நிறுவனம் விளக்கமளித்தது. ரானா பிளாஸா இடிபாடுகளிலிருந்து பெனட்டன் நிறுவனத்தின் ஆடைகள் எடுக்கப்பட்டன. ஆரம்பத்தில் தொடர்பை மறுத்த அந்நிறுவனம் பின்னர் ஏற்றுக்கொண்டது. எந்தெந்த நிறுவனங்கள் அங்கே தைப்பித்தன என்பதை ஆய்வாளர்கள் பெருமளவுக்கு இடிபாடுகளுக்குள் கிடந்த பெயர்ப் பட்டிகளையும் ஓடர் பத்திரங்களையும் கொண்டே கண்டறிய வேண்டியிருந்தது. முறையான பதிவேடு எங்குமே திறந்திருக்கவில்லை.

சான்றிதழ் மட்டும் போதுமா?

"நாங்கள் பரிசோதித்து, சான்றிதழ் பெற்ற தொழிற்சாலையிலேயே வாங்குகிறோம்" என்பது பெரிய நிறுவனங்களின் வழக்கமான பதில். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலைக்கு 2012 ஆகஸ்டில் சர்வதேசத் தரச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. சில வாரங்களில், செப்டெம்பர் 11ஆம் திகதி, அது எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது எனப் பாகிஸ்தான் நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. ஆனால் இத்தனை பேர் மடிந்ததற்குக் காரணம் வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டும் ஜன்னல்கள் கம்பியிடப்பட்டும் இருந்தமையே. அவற்றைக் கவனிக்க வேண்டிய பரிசோதகர்தான் சான்றிதழ் வழங்கியிருந்தார்.

பரிசோதகருக்குப் பெரும்பாலும் பணம் கொடுப்பவர் பரிசோதிக்கப்படுபவரே. வருகைத் திகதியும் முன்கூட்டியே தெரியும். அன்றைய தினம் கதவுகள் திறந்திருக்கும். பதிவேடுகள் ஒழுங்காக இருக்கும். தராசை உரியவரே சரிபார்த்து உரியவரே முத்திரை குத்துவது போன்றது இது.

பயனளித்த ஒரு மாற்றம்

ரானா பிளாஸாவின் பின்னர் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2013 மே மாதத்தில் கொள்வனவு நிறுவனங்களும் உலகத் தொழிற்சங்கங்களும் பங்களாதேஷ் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் இணைந்தன. சுமார் 1,600 தொழிற்சாலைகள் பொறியியலாளர்களால் பரிசோதிக்கப்பட்டன. பூட்டப்படும் கதவுகள், தாங்காத தூண்கள், ஆபத்தான மின்னிணைப்புகள் என ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டு அவற்றில் பெரும்பாலானவை திருத்தப்பட்டன.

முன்னைய வாக்குறுதிகள் தோற்ற இடத்தில் இது ஏன் பயனளித்தது? முதலாவது, சட்டரீதியாகக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக இது இருந்தது. கடப்பாட்டை மீறும் நிறுவனத்தை நடுத்தீர்ப்புக்கு இழுக்க முடிந்தது. 2018 ஜனவரியில் ஒரு நிறுவனம் 23 இலட்சம் டொலர் செலுத்த இணங்கி வழக்கொன்றை முடித்துக் கொண்டது. இரண்டாவது, பரிசோதனை அறிக்கைகள் பகிரங்கமாக வெளியிடப்பட்டன. மூன்றாவது, திருத்த வேலைகளுக்கான நிதி கிடைப்பதை உறுதி செய்யும் பொறுப்பு கொள்வனவாளர் மீதும் சுமத்தப்பட்டது. இவ்வுடன்படிக்கை 2021இல் சர்வதேச உடன்படிக்கையாக விரிவுபெற்று, பின்னர் பாகிஸ்தானுக்கும் கொண்டு செல்லப்பட்டது.

கூலியும் உயர்ந்தது. 2010இல் மாதம் 3,000 டாக்காவாக இருந்த ஆடைத் தொழிலாளியின் ஆகக் குறைந்த சம்பளம் 2013இல் 5,300 ஆகவும் 2018இல் 8,000 ஆகவும் 2023இல் 12,500 ஆகவும் அதிகரிக்கப்பட்டது. விலைவாசி உயர்வையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரிய முன்னேற்றமல்ல. ஒவ்வோர் உயர்வின்போதும் கொள்வனவாளர் தரும் விலை அதற்கேற்ப உயர்கிறதா என்பதே தொழிற்சாலை உரிமையாளர்களின் கேள்வியாக இருந்து வந்துள்ளது.

கொவிட் காலம் காட்டிய உண்மை

2020 மார்ச்சில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டபோது இன்னொரு குறைபாடு வெளிச்சத்துக்கு வந்தது. முன்னொரு காலத்தில் ஏற்றுமதி வர்த்தகம் எல்.சி. எனப்படும் நாணயக் கடிதத்தின் மீது நடந்தது. பத்திரங்கள் சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுக்கும். ஆனால் பெரிய ஆடை நிறுவனங்கள் பல, சரக்கு அனுப்பிப் பல வாரங்களின் பின்னரே பணம் செலுத்தும் கடன் முறைக்கு மாறியிருந்தன. தொழிற்சாலையோ துணி ஆலைக்கு நாணயக் கடிதம் திறந்து ஏற்கனவே கடமைப்பட்டிருந்தது.

இந்நிலையில் ஓடர்கள் இரத்துச் செய்யப்பட்டன. தைத்து முடித்துப் பெட்டியில் அடைத்த ஆடைகளுக்குக்கூடப் பணம் மறுக்கப்பட்டது. 300 கோடி டொலருக்கும் அதிகமான ஓடர்கள் இரத்தாகின அல்லது நிறுத்தி வைக்கப்பட்டன என்று பங்களாதேஷ் ஆடை உற்பத்தியாளர் சங்கம் அறிவித்தது. சர்வதேச அளவில் கண்டனம் எழுந்த பின்னர் பல நிறுவனங்கள் பணம் செலுத்த இணங்கின. நட்டத்தை மேலே இருப்பவர் கீழே தள்ளினார். கீழே இருப்பவர் இன்னும் கீழே தள்ளினார். கடைசியில் அது சேமிப்பே இல்லாத தொழிலாளியின் வீட்டு அடுப்பில் வந்து நின்றது.

எமக்கு இதில் என்ன?

இலங்கை இவ்விடயத்தில் நற்பெயர் பெற்ற நாடு. 2005 ஜனவரியில் ஆடை ஏற்றுமதிக் கோட்டா முறை முடிவடைந்த பின் மலிவு விலையில் மட்டும் போட்டியிட முடியாது என்பதை உணர்ந்த எமது ஆடைத் துறையினர், குற்ற உணர்வின்றி அணியக்கூடிய ஆடை என்ற தொனிப்பொருளில் 2006இல் ஒரு பிரசாரத்தை ஆரம்பித்தார்கள். மனித உரிமை, தொழிலாளர் உரிமை உட்பட 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு பிணைக்கப்பட்ட ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை 2010இல் இழந்து 2017இல் மீண்டும் பெற்ற அனுபவமும் எமக்குண்டு. நேர்மை என்பது வியாபாரத்தில் பணப் பெறுமதி உள்ள ஒரு சொத்து என்பதை இந்த அனுபவங்கள் காட்டுகின்றன.

ஆனால் ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்கு வெளியே, எமது சொந்தக் கடைத் தெருவின் நிலை என்ன? நோன்புப் பெருநாளுக்கு முன் அபாயா, ஜுப்பா, பிள்ளைகளின் உடுப்பு என்று வீடுகளிலும் சிறு அறைகளிலும் இரவிரவாகத் தைக்கும் பெண்கள் எத்தனை பேர்? ஓர் உடுப்புக்கு அவர்களுக்குக் கிடைப்பது எவ்வளவு? பெருநாள் முடிந்து விற்பனை குறைந்தால் தைத்துக் கொடுத்ததையே திருப்பிவிடும் வழக்கம் எம்மிடம் இல்லையா? மூன்று மாதத்துக்குப் பின்திகதியிட்ட காசோலையைக் கொடுத்துவிட்டு, அந்த நாளும் வந்ததும் "இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள்" என்பது எமது பழக்கமில்லையா? ஐரோப்பிய நிறுவனம் டாக்காவுக்குச் செய்வதை நாம் எமது தையல்காரருக்குச் செய்தால் வித்தியாசம் தொகையில் மட்டுமே இருக்கிறது.

உழைப்பவரின் கூலியைத் தாமதிக்கக் கூடாது என்பதை எமக்கு வெளிநாட்டு அமைப்புகள் கற்றுத்தர வேண்டியதில்லை. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டிக்கும் தனியான ஓர் அத்தியாயமே குர்ஆனில் இருக்கிறது. விலை பேசும்போது காட்டும் கெட்டித்தனத்தைக் கணக்குத் தீர்ப்பதிலும் காட்டினால் எமது வியாபாரத்தில் பரக்கத் குறையாது.

சிறு வியாபாரி ஒருவர் செய்யக்கூடியவை சில உண்டு. மொத்தமாக வாங்கும்போது சரக்கு எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிறது என்று கேட்டு எழுதி வைத்துக் கொள்ளலாம். சந்தை விலையைவிட வெகுவாகக் குறைத்துத் தருபவரிடம் ஏன் குறைகிறது என்று விசாரிக்கலாம். தையலுக்குக் கொடுக்கும்போது விலை, திகதி, இரத்துச் செய்தால் யார் என்ன தாங்குவது என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கைச்சாத்திடலாம். துணிக்கான பணத்தையாவது முற்பணமாகக் கொடுக்கலாம். தன் கடைக்கு மேலே தையல் அறை வைத்திருப்பவர் இன்றே மாடியேறிச் சென்று, வேலை நேரத்தில் கதவு பூட்டப்படுகிறதா, இரண்டாவது வழி ஒன்று இருக்கிறதா, மின்கம்பிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்துக் கொள்ளலாம். இவற்றுக்கு அதிக செலவில்லை.

ஒரு சட்டையின் விலையில் ஒரு பகுதியைத்தான் வாடிக்கையாளர் கடையில் செலுத்துகிறார். மீதியை யாரோ ஒருவர் தன் தூக்கத்தாலும் உடல் நலத்தாலும், சில வேளை உயிராலும் செலுத்துகிறார். அந்த மீதியைக் குறைப்பது வாங்கி விற்கும் எமது கைகளிலும் இருக்கிறது.