கொசுறுக் குருவி

செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினால், கேட்காமலே ஒரு கொத்துக் கறிவேப்பிலை பையில் விழும். அதற்கு விலை கிடையாது, கொசுறு. விவிலியத்திலும் ஒரு கொசுறு இருக்கிறது. மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவி, லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து. முதல் விலைப்படி பார்த்தால் நான்குதான் வரவேண்டும். ஐந்தாவது, வியாபாரி சேர்த்துப் போட்டது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூடக் கடவுள் மறப்பதில்லை என்கிறார் இயேசு. கிறிஸ்துமஸ் செலவை எழுத நோட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்தாவது குருவியின் ஞாபகம் வந்துவிடுகிறது.

போன கிறிஸ்துமஸ் கணக்கு இது. வீட்டில் நான்கு பேர். புதுத்துணி 6,400 ரூபாய். ஸ்டார், சீரியல் லைட், குடிலுக்குப் பொம்மை 850. கேக் இரண்டு கிலோ 1,100. ஆட்டுக்கறி இரண்டு கிலோ 1,600. பிரியாணிக்கு அரிசி, மற்ற சாமான் 650. பலகாரத்துக்கு 1,200. ஆக மொத்தம் 11,800 ரூபாய்.

பலகாரச் செலவை மட்டும் பிரித்து எழுதினேன். அதிரசத்துக்குப் பச்சரிசி மூன்று கிலோ, வெல்லம் இரண்டேகால் கிலோ. முறுக்குக்கு அரிசி இரண்டு கிலோ, உளுந்து அரை கிலோ. எண்ணெய் நான்கு லிட்டர். எண்ணெய்தான் பாதிச் செலவைத் தின்றது, 600 ரூபாய். வந்த அதிரசம் 150. தட்டுக்கு ஐந்து வீதம் 25 தட்டு வெளியே போனது, 125 அதிரசம். வீட்டில் நின்றது 25. முறுக்கும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் போனது. அப்படியென்றால் 1,200 ரூபாயில் சுமார் 1,000 ரூபாய்ப் பலகாரம் வாசல் தாண்டியிருக்கிறது. மொத்தச் செலவோடு வைத்துப் பார்த்தால் நூற்றுக்கு எட்டரை ரூபாய். மீதி தொண்ணூற்று ஒன்றரை ரூபாயை எங்களுக்கே நாங்கள் செலவழித்துக்கொண்டோம். இதை எழுதி முடித்ததும் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவின் 1984ஆம் வருஷத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். மொத்தச் செலவு 248 ரூபாய். அதில் பலகாரம் 104 ரூபாய். நூற்றுக்கு 42. துணி பிள்ளைகளுக்கு மட்டும்தான். அப்பா வேட்டியை வெளுத்துக் கட்டினார், அம்மா கல்யாணப் புடவையை எடுத்து உடுத்தினாள். எண்ணெய் எங்கள் கொல்லை மல்லாட்டையை ஆட்டியது. கேக் என்ற வார்த்தையே அந்தப் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு நாங்கள் நல்லவர்களாக இருந்தோம், இன்றைக்குக் கெட்டுவிட்டோம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புதுப்புடவை ஆசை இருந்தது என்பது எனக்குத் தெரியும். வெளியே போகும் பங்கை அவள் முதலில் எழுதினாள், நான் கடைசியில் எழுதுகிறேன். அந்த வித்தியாசம் 42க்கும் எட்டரைக்கும் நடுவில் தெரிகிறது.

முதல் கிறிஸ்துமஸுக்கு என்ன செலவானது? நாசரேத்திலிருந்து பெத்லகேம் வளைந்து செல்லும் வழியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டர், இங்கிருந்து சென்னைக்குப் போகும் தூரம். நாளுக்கு 30 கிலோமீட்டர் நடந்தால் ஐந்து நாள். நிறைமாதக்காரியோடு இன்னும் கூடுதலாகவே ஆகியிருக்கும். தங்கிய இடத்துக்கு வாடகை எழுதப்படவில்லை. செலவு என்று பதிவானது ஒன்றே ஒன்று. குழந்தை பிறந்து 40 நாள் ஆனபின் கோவிலில் செலுத்திய காணிக்கை. சட்டப்படி ஓராண்டு ஆட்டுக்குட்டி ஒன்றும் ஒரு புறாவும் கொடுக்கவேண்டும். ஆட்டுக்கு வசதியில்லாதவர்கள் இரண்டு பறவைகள் கொடுத்தால் போதும். மரியாளும் யோசேப்பும் பறவைகளுக்குரிய வரிசையில்தான் நின்றார்கள் என்று லூக்கா எழுதிவைத்திருக்கிறார். ஏழைக்குரிய சலுகை விலையில் கோவிலுக்குள் போன குழந்தை அது.

குழந்தை பிறந்த சேதி முதலில் போனது இரவில் வயலில் கிடை காத்த ஆட்டுக்காரர்களுக்கு. செஞ்சிக்காரர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எங்கள் ஊர்க் கோட்டையைத் தொடங்கியதே ஆனந்தக் கோன் என்ற இடையர், ஆடு மேய்த்தபோது கிடைத்த புதையலை வைத்துக் கட்டினார் என்றுதான் ஊரில் கதை. கோட்டை நிற்கும் ராஜகிரி மலைக்குப் பழைய பெயர் ஆனந்தகிரி. எங்கள் வீட்டுக் குடிலில் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மகன் செய்கிற மலையும் பெத்லகேம் மலை அல்ல. உருண்டை உருண்டையாகப் பாறை அடுக்கிய ராஜகிரிதான்.

அந்த மலையடிவாரத்தில், கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் பெரிய நெற்களஞ்சியம் நிற்கிறது. சுற்றுலா வருபவர்கள் உள்ளே போய்க் குரல் கொடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு அங்கே போனால் தாது வருஷப் பஞ்சம்தான் நினைவுக்கு வரும். 1876 முதல் 1878 வரை. களஞ்சியம் எப்போதோ காலியாகிவிட்டிருந்தது. மழை பொய்த்து, நெல் விலை ஏறி, ஊர்கள் சாலைக்கு வந்துவிட்டன. 1877 ஜனவரியில், பஞ்ச நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாள் கூலி ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று குறைத்தார் ஆங்கிலேய அரசின் அதிகாரி சர் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்பது 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது போதாது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும் என்று போராடினார். மார்ச்சில் ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் ஆனது.

எங்கள் அதிரசக் கணக்கில் ஒன்றுக்கு 20 கிராம் அரிசி. 450 கிராம் என்றால் 22 அதிரசத்துக்கான அரிசி. நாள் முழுவதும் மண் சுமந்தவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதே ஜனவரியில் ஆங்கிலேய அரசு நடத்திய தில்லி தர்பாரில் 68,000 விருந்தினர்களுக்கு ஒரு வாரம் விருந்து நடந்தது. 1877-78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமை ஏறத்தாழ 3,20,000 டன். 450 கிராம் வீதம் பிரித்தால் 71 கோடி நாள் கூலி. 19 லட்சம் பேருக்கு ஒரு வருஷம் முழுக்க அளந்திருக்கலாம். பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். இரண்டு காசுக்கு ஐந்து என்று விற்றவன்கூட ஐந்தாவதைக் கையில் எடுத்து எண்ணித்தான் கொடுத்திருப்பான். இவர்களை அப்படியும் எண்ணவில்லை.

அந்தப் பஞ்சத்தையொட்டித்தான் இந்தப் பக்கத்துச் சேரிகளில் பலரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். வடக்கே சேத்துப்பட்டில் பிரெஞ்சுக் குருவான தார்ராஸ் அடிகளார், இன்னொரு பக்கம் ஸ்கடர் சகோதரர்கள் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன். சோற்றுக்காக மதம் மாறியவர்கள் என்ற ஏச்சு அன்றிலிருந்து இருக்கிறது. எனக்கு அது ஏச்சாகவே படவில்லை. பசித்தவன் முன்னால் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்தவனை அவன் நம்பினான். தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட பிள்ளையைக் கும்பிடுகிறவர்கள் சோற்றைக் கேவலமாக நினைக்க முடியுமா?

திரும்பத் தட்டுக் கணக்குக்கு வருகிறேன். கொடுத்த தட்டு வெறுமனே திரும்பாது. பாய் வீட்டிலிருந்து சர்க்கரை, எதிர்வீட்டு அக்காவிடமிருந்து இரண்டு வாழைப்பழம், இன்னொரு வீட்டில் ஒன்றும் இல்லையென்று ஓர் எலுமிச்சம்பழம். இதையெல்லாம் வரவில் எழுதக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எழுதினால் அது கடனாகிவிடுமாம்.

25 தட்டில் 22க்குத்தான் வீட்டுப் பெயர் உண்டு. மீதி மூன்று, யார் வந்தாலும் கொடுக்க. அம்மாவின் நோட்டில் அந்த இடத்தில் ‘கொ’ என்று ஒற்றை எழுத்து இருக்கும். போன வருஷம் ஒன்று தெரு கூட்டும் அக்காவுக்குப் போனது, ஒன்று கரண்ட் சரிசெய்ய வந்த தம்பிக்கு. மூன்றாவது சாயங்காலம்வரை மூடியே இருந்தது. பொழுது சாயும் நேரத்தில், பின்பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் கிடை போட்டிருந்த பெரியவர் குடத்தோடு தண்ணிக்கு வந்தார். தட்டை நீட்டினேன்.

“இன்னா விசேஷம்மா?”

“புள்ள பொறந்திருக்குதுங்க தாத்தா.”

“ஆம்பளப் புள்ளயா?”

“ஆமாங்க.”

“நல்லா இருக்கட்டும்” என்று துண்டை விரித்து அதிரசத்தை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார். “கெடையில நாங்க நாலு பேருதாம்மா” என்று சொல்லி, ஐந்தாவதை என் மகன் கையில் வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.